வேலி போடக் கூடாத ஊர்

1

என் மகள் செல்விக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். 'நாம் வசிக்கும் ஊர்: நன்மைகளும் குறைகளும்' என்பது தலைப்பு. தாளின் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் நல்லதையும் மறுபக்கம் கெட்டதையும் எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுத வேண்டும், கடைசியில் அவர்கள் கையெழுத்தும் வேண்டும். போன வாரம் அந்தத் தாளை என் முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டாள், நான் தமிழில் பதில் சொன்னேன். எங்கள் வீட்டில் ஏழு வருடமாகப் பேச்சு இப்படித்தான் நடக்கிறது.

நல்லது என்ன என்று கேட்டபோது நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். கெட்டது என்ன என்று கேட்டதும் வாயடைத்துவிட்டது. சொல்லப் பயம். அமெரிக்காவில் ஒருவன் தான் குடியிருக்கும் ஊரைக் குறை சொன்னால் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் இந்தத் தாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும், அங்கிருந்து யார் மேஜைக்குப் போகுமோ என்று புத்தி ஓடியது. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. உத்திரமேரூரில் இருந்தவரை மாட்டுக்குப் பயம், மழைக்காலத்தில் ஏரி உடைந்துவிடும் என்று பயம், கணக்கு வாத்தியாருக்குப் பயம். கடல் தாண்டி வரும்போது எத்தனையோ சாமான்களை விட்டுவிட்டு வந்தேன், இதை மட்டும் விடவில்லை.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அங்கே நம் ஊர்ப்பக்கம் இருக்கிற நீங்கள் இதற்கு மார்க் போடப் போவதில்லை.

2

நாங்கள் இருப்பது தானாக வளர்ந்த ஊர் இல்லை. சோளக் காடாகக் கிடந்த இடத்தை ஒரு கம்பெனி மொத்தமாக வாங்கி, படம் போட்டு, படத்தில் உள்ளபடியே தரையில் கட்டி முடித்தது. பள்ளிக்கூடம் எங்கே, கடை எங்கே, குழந்தைகள் எங்கே விளையாட வேண்டும், எந்த வீட்டு வாசலில் எந்த மரம் என்று எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது. யந்திரத்தால் வெட்டிய ஏரிகூட ஒன்று உண்டு. மனிதர்கள்தான் கடைசியாக வந்து சேர்ந்தோம். பம்பு செய்யும் தொழிற்சாலையில் படம் வரைவது என் வேலை. வரைந்தது வரைந்தபடியே நிற்கிற ஓர் ஊரைப் பார்த்ததில் முதல் வருடம் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். குழந்தைகள் பள்ளிக்கூடம் போக ஒரு சாலையைக்கூடக் குறுக்கே கடக்க வேண்டாம், நடைபாதை சாலைக்கு அடியில் புகுந்து போகும். குழாயில் எந்நேரமும் தண்ணீர். எவ்வளவு மழை பெய்தாலும் தெருவில் தேங்காது. செல்வி ஐந்து வயதில் தனியாகப் பள்ளிக்கு நடந்து போய் வந்தாள். நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் எங்களைக் கேட்டதில்லை. எங்கள் உத்திரமேரூரும் ஒரு காலத்தில் திட்டம் போட்டுக் கட்டிய ஊர்தான். யார் எந்தத் தெருவில் இருக்க வேண்டும், யார் ஏரிக்கரைக்கு அப்பால் இருக்க வேண்டும் என்று யாரோ போட்ட படம் இன்னும் அழியவில்லை. கரைக்கு அப்பால் இருந்த குடும்பத்துப் பெண்கள் எங்கள் வயலில் நாற்று நட்டார்கள், எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. இங்கே பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஜாதி என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியே கிடையாது.

கெட்டது, வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கொடுத்த விதிப் புத்தகத்தில் ஆரம்பிக்கிறது. புல் ஒரு விரல் நீளத்துக்கு மேல் வளரக் கூடாது. துணியை வெளியில் காயப்போடக் கூடாது. கதவுக்கு அவர்கள் சொன்ன நான்கு நிறத்தில் ஒன்றைத்தான் அடிக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மாட்டும் இலை வளையம் தவிரக் கதவில் வேறு எதையும் மாட்டக் கூடாது. மரத்தின் கிளையை ஒடிக்கக் கூடாது. கோழி, வாத்து, ஆடு மூச். கடைசியாக, வேலி போடக் கூடாது.

வேலி விஷயத்தில்தான் நான் ஆடிப்போனேன். எங்கள் அப்பா, பங்காளி ஒரு முழம் தள்ளி நட்ட கிளுவை வேலிக்காகக் கோர்ட்டு வாசலிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு வேலி இல்லாத வீடு வீடாகவே தெரியவில்லை. பின்பக்கப் புல்தரை பத்து வீட்டுக்கும் ஒன்றாக நீண்டு கிடந்தது. யார் வேண்டுமானாலும் நடந்து வந்து, சமையலறைக் கண்ணாடிக் கதவு வழியே நாம் சாப்பிடுவதைப் பார்க்கலாம். ஒருவரும் வர மாட்டார்கள், அது வேறு விஷயம். கூப்பிடாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை.

விதிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரர்களே கமிட்டி அமைத்திருந்தார்கள். ஏரிக்கு ஒன்று, மரங்களுக்கு ஒன்று, கதவு நிறத்துக்கு ஒன்று. கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் மண்டபத்துச் சுவரில் ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் நாங்கள் கோலி ஆடினோம். ஆனால் கமிட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டால் சிரிப்பெல்லாம் போய்விடும். புல்லை வெட்டுங்கள் என்று நினைவூட்டும் இரண்டு வரியை நான்கு தடவை படிப்பேன். இங்கேயே நிரந்தரமாகத் தங்கப் பச்சை அட்டைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த காலம் அது. புல் வளர்த்ததற்காக ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று புத்தி சொல்லும், பயம் கேட்காது.

என் மனைவி சரோஜா திருப்புலிவனத்துப் பெண். அவளுக்குப் பயம் இல்லை, எரிச்சல்தான். வந்த புதிதில் கடைக்குப் போய்த் திரும்பியவள், எங்கள் வீடு என்று நினைத்து நான்காவது வீட்டுக்குள் நுழைந்து சமையலறைவரை போய்விட்டாள். அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், அவரே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் தபால் பெட்டிகளை எண்ணிக்கொண்டுதான் நடப்பாள்.

"இன்னா ஊரு இது, ஒரு வூட்டுக்கும் மூஞ்சி இல்ல" என்றாள் அன்றைக்கு. இந்த ஊரைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

3

செல்விக்கு ஆறு வயது நடக்கும்போது, அப்பா காலமாகி வருடம் திரும்பியது. அதற்காக ஊருக்குப் போனோம். சித்திரை வெயில். நான் பிறந்த வீட்டில் இப்போது தம்பி ஏழுமலையின் குடும்பம் இருக்கிறது, அங்கேதான் தங்கினோம். காரியமெல்லாம் முடிந்து, நாங்கள் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஏழுமலையின் சின்னப் பெண்ணுக்கு அம்மை வார்த்தது. சின்னம்மைதான்.

அம்மை வார்த்த வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவார்கள். அதைப் பார்த்தால் வெளியாள் படி ஏற மாட்டான். நோய் என்ற சொல்லே கூடாது, அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். அடுப்பில் தாளிக்கக் கூடாது, குழந்தையை அதட்டக் கூடாது, மருந்து கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இளநீரையும் நுங்கையும் படியில் வைத்துவிட்டு, குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை அந்த வீட்டில் இருப்பவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

எங்கள் விமானம் முதல் தண்ணீருக்கே முந்தின நாள். டிக்கெட்டை மாற்றச் சொன்னாள் சரோஜா. நான் மாட்டேன் என்றேன். லீவு முடிகிறது, விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, சொன்ன தேதிக்குத் திரும்பாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்று பயம். பெரியம்மை நாட்டை விட்டுப் போகும் தறுவாயில் இருந்ததால், சுகாதாரத் துறை ஆட்கள் எங்கே ஒரு கொப்புளம் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு அலைந்த நேரம் வேறு. அவர்கள் வந்து எங்கள் பெயரையும் எழுதிக்கொண்டால் என்ன ஆவது என்று அதுவும் சேர்ந்துகொண்டது.

ஏழுமலை என் முகத்தைப் பார்க்காமல், "நீ கெளம்புண்ணா. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றான். அம்மா என்று அவன் சொன்னது மாரியம்மனை. செங்கல்பட்டு பஸ்ஸில் சரோஜா செல்வியைக் கூட்டிக்கொண்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

4

திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, செல்விக்குச் சட்டை மாற்றும்போது முதுகில் நான்கு கொப்புளம் இருந்தது. சரோஜா அழவில்லை, பதறவும் இல்லை.

"ஆத்தா வூட்ல இருக்கச்சொல்ல நாம எழுந்து வந்துட்டோம். அதான் பின்னாலயே வந்துக்கீறா" என்றாள். டாக்டர் என்ற பேச்சே எடுக்கக் கூடாது, இந்தத் தடவையாவது முறைப்படி மூன்று தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றாள்.

நான் போட்ட கணக்கு வேறு. தொற்று நோய் இருந்தால் பச்சை அட்டை கிடைக்காது, இருக்கிற விசாவும் போய்விடும் என்று தொழிற்சாலையில் யாரோ சொல்லியிருந்தார். அது உண்மையா என்று இன்றுவரை நான் விசாரித்ததில்லை. இந்தியாவிலிருந்து இப்போதுதான் வந்த குழந்தை, உடம்பில் கொப்புளம் என்று டாக்டரிடம் போய் நின்றால் முதலில் பெரியம்மை என்றுதான் நினைப்பார்கள். அதனால் நானும் டாக்டர் வேண்டாம் என்றேன். அவள் சொன்னது பக்தி. நான் அந்தப் பக்திக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வேப்பிலைக்கு எங்கே போவது? எங்கள் வாசலில் கம்பெனி நட்ட மரத்தின் இலை, விளிம்பில் பல் பல்லாக, காம்பின் இரு பக்கமும் வரிசையாக, பார்வைக்கு வேப்பிலை மாதிரியே இருக்கும். கசக்காது, அவ்வளவுதான். சரோஜா அதில் முழ நீளத்துக்கு ஒரு கிளையை ஒடித்துக் கதவின் கைப்பிடியில் கட்டினாள். கிளையை ஒடிக்கக் கூடாது, கதவில் எதையும் மாட்டக் கூடாது என்ற இரண்டு விதியையும் ஒரே நிமிடத்தில் தீர்த்துக் கட்டினாள். எடுத்துவிடு என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"யாரும் உள்ள வரக் கூடாதுன்னுதான் கட்றது. யாரும் வரலன்னா உங்களுக்கும் நல்லதுதான?" என்றாள். அது எனக்கு நியாயமாகவே பட்டது. அந்த இலையைப் படிக்கத் தெரிந்தவர் இந்த ஊரில் ஒருவரும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசியில் ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமைக்குள் கொப்புளம் முகத்துக்கும் வாய்க்குள்ளும் வந்துவிட்டது. காய்ச்சலோடு இருமலும் சேர்ந்தது. கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தோம். பத்து மணி வாக்கில் அழைப்பு மணி அடித்தது. திரை ஓரமாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மார்த்தா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தனியாக இருப்பவர், மரக் கமிட்டியில் உறுப்பினர். கையில் விதிப் புத்தகம் வைத்திருந்தார். கதவில் கட்டியிருந்த கிளையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசாதே என்று சரோஜாவுக்குச் சைகை காட்டினேன். மணி இன்னொரு தடவை அடித்தது. செல்விக்கு இருமல் கிளம்பியது. நான் பாயில் மண்டியிட்டு அவள் வாயைக் கையால் பொத்தினேன்.

என் உள்ளங்கையில் அவள் மூச்சு கொதித்தது. அவள் திமிறவில்லை. கண்ணை அகலத் திறந்து என்னையே பார்த்தாள். மார்த்தாவின் காலடிச் சத்தம் படி இறங்கிப் போன பிறகுதான் கையை எடுத்தேன். அவள் இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. சரோஜா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

5

மறுநாள் மதியம் செல்வியின் மூச்சு மாறியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உதடு வெளுத்துவிட்டது. சரோஜா மஞ்சள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தெளித்து, விட்டுவிட்டு வந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தொலைபேசியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக நின்றேன். எண் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்றும் தெரியும். விரல் சுழற்ற வரவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

அப்போது கண்ணாடிக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மார்த்தா பின்பக்கப் புல்தரை வழியாக நேரே நடந்து வந்து சமையலறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். வாசலில் யாரும் திறக்காததால் அந்தப் பக்கமாக வந்திருக்கிறார். குறுக்கே ஒரு வேலி இருந்திருந்தால் அவர் அங்கே வந்திருக்க முடியாது. கண்ணாடி வழியே பாயில் கிடந்த குழந்தை, தெளிக்கிற சரோஜா, தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நான், மூவரையும் பார்த்தார். தாழ் போடாத கதவைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கிளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ் சட்டென்று வந்துவிட்டது. ஊருக்குப் படம் போட்டவர்கள் அது வர வேண்டிய வழியையும் சேர்த்தே போட்டிருந்தார்கள். அதன் பின்னாலேயே சுகாதார அலுவலர் ஒருவர் வந்தார். முகத்தில் துணி கட்டியிருந்தார். எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். உத்திரமேரூர் என்பதற்கு நான்கு தடவை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். செங்கல்பட்டு ஜில்லா என்றேன். அவர் வைத்திருந்த வரைபடத்தில் மெட்ராசுக்குக் கீழே காலியாகத்தான் இருந்தது. எங்கள் கையில் அம்மை குத்திய தழும்புகளைப் பார்த்தார், தடுப்பூசிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். கொப்புளம் வந்து எத்தனை நாள் என்று கேட்டார். நேற்று என்றேன். சரோஜாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும். என்னைத் தாண்டி முன்னால் வந்து, அவர் முகத்துக்கு நேரே நான்கு விரலைக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்துவிட்டு நான்கு என்று எழுதிக்கொண்டார்.

பெரியம்மை இல்லை என்று சோதனையில் தெரியும்வரை செல்வியைத் தனி அறையில் வைக்க வேண்டும், நாங்கள் இருவரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்றார். ஆறு வயதுக் குழந்தையைத் தனியாகவா என்று கேட்டேன். ஆமாம் என்றார். தூக்கிக்கொண்டு போகும்போது செல்வி கையை நீட்டி என்னைக் கூப்பிட்டாள். மூச்சுக்கு நடுவில் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"அப்பா, இனிமே இரும மாட்டேம்பா. என்னெ அனுப்பாதப்பா."

அவளை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவதாக நினைத்துக்கொண்டாள். இருமியதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டாள். இல்லை என்று சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அலுவலர் போகும்போது வாசல் கதவில் ஒரு தாளை ஒட்டினார். கிளைக்குச் சரியாக மேலே. அதில் என்ன போட்டிருக்கிறது என்று சரோஜா கேட்டாள். யாரும் உள்ளே வரக் கூடாது, உள்ளே இருப்பவர்கள் வெளியே போகக் கூடாது என்று போட்டிருக்கிறது என்றேன்.

"இதத்தான நானும் சொன்னேன்" என்றாள். அதன் பிறகுதான் அவள் அழுதாள்.

6

இரண்டு நாள். காலையிலும் மாலையிலும் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வரும். குழந்தை இருக்கிறாள், மூச்சு விடக் குழாய் வைத்திருக்கிறோம் என்பார்கள். சாப்பிட்டாளா, அழுகிறாளா என்று சரோஜா கேட்கச் சொல்வாள். அதைக் கேட்பதற்குள் வைத்துவிடுவார்கள். எதிர் வீட்டில் திரையை இழுத்துவிட்டார்கள். தெருவில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த குழந்தைகளைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடும் குரல்கள் கேட்டன. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உத்திரமேரூரில் எங்கள் தெருவிலும் வேப்பிலை கட்டிய வீட்டுப் பக்கம் பிள்ளைகளை விட மாட்டோம். ஆனால் அங்கே ஒதுங்கி நிற்பவர்களின் பெயர் எனக்குத் தெரியும், எப்போது திரும்ப வருவார்கள் என்றும் தெரியும். இங்கே அந்தத் திரை மறுபடி திறக்குமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மார்த்தா மட்டும் தினமும் பாலும் ரொட்டியும் கொண்டுவந்து படியில் வைத்து, மணியை அடித்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார். இளநீர் வைத்துவிட்டுக் குரல் கொடுக்கிற மாதிரிதான். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் என்று தெரிந்தும் மணி அடித்ததும் எனக்கு உடம்பு விறைத்துப்போகும். அவர் போன பிறகுதான் கதவைத் திறப்பேன்.

மூன்றாம் நாள் சின்னம்மைதான் என்று முடிவு வந்தது. நெஞ்சில் சளி கட்டி நுரையீரலைத் தாக்கியிருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். விசாவைப் பற்றி ஒருவரும் எதையும் கேட்கவில்லை. பச்சை அட்டை உரிய காலத்தில் சாதாரணத் தபாலில் வந்து சேர்ந்தது. நான் எதற்கெல்லாம் பயந்தேனோ அது ஒன்றும் நடக்கவில்லை. பயப்பட்டிருக்க வேண்டியது பாயில் கிடந்தது, அதற்குத்தான் நான் பயப்படவில்லை.

செல்வி வீட்டுக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று. போகும்போது தமிழில் அழுதவள், வந்ததும் தாகமாக இருக்கிறது என்று தன் அம்மாவிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். இரண்டு வாரமும் அங்கே அவளுக்குத் தண்ணீர் கொடுத்தவர்களின் மொழி அதுதான். சரோஜாவுக்குப் புரிந்தது, கொடுத்தாள். போகப் போகச் சரியாகும் என்று இருந்தோம். சரியாகவில்லை. டாக்டர் குளிக்கலாம் என்று சொன்ன நாளில் சரோஜா அதே மரத்தின் இலையைப் போட்டு, மஞ்சள் கரைத்து, மூன்று தண்ணீரையும் கணக்காக ஊற்றினாள். அந்தத் தடவை கீழே உதிர்ந்த இலையைத்தான் பொறுக்கினாள்.

ஒரு மாதம் கழித்து மரக் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. கிளைகளை ஒடிப்பது விதிக்குப் புறம்பானது, இனிமேல் தவிர்க்கவும் என்று அச்சடித்திருந்தது. கீழே மார்த்தாவின் கையெழுத்து. அதற்கும் கீழே பேனாவால், குழந்தை எப்படி இருக்கிறாள் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இந்த ஊர் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் அதை எடுத்துக் காட்டலாம் என்று வைத்திருக்கிறேன்.

7

நேற்று மாலை செல்வி கட்டுரையைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தாள். இடது பக்கம் நிறைய எழுதியிருந்தாள். சாலைக்கு அடியில் போகும் நடைபாதை, ஏரி, நூலகம், வேலி இல்லாததால் பத்து வீட்டுப் புல்தரையிலும் ஓடி விளையாடலாம். வலது பக்கம் மூன்றே மூன்று. எல்லா வீடும் ஒரே மாதிரி. அம்மா புடவையை வெளியே காயப்போட முடியாது. மூன்றாவதாக, எங்கள் வீட்டில் அழைப்பு மணி அடித்தால் என் அப்பா அசையாமல் நின்றுவிடுவார் என்று எழுதியிருந்தாள்.

நான் இரண்டு தடவை படித்தேன். எனக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பதே அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமையும் அவளுக்கு நினைவில்லை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. இது ஊரின் குறை இல்லையே அம்மா, என்னுடைய குறைதானே, இந்த வரியை அடித்துவிடேன் என்றேன்.

செல்வி தாளைத் திரும்ப வாங்கி அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தமிழில் பேசினாள். அவள் தானாக என்னிடம் தமிழில் பேசி எத்தனை காலம் ஆயிற்றோ, ஆறு வயதுப் பிள்ளையின் தமிழாகவே இருந்தது.

"நீ மட்டும் இல்லப்பா. பெல் அடிச்சா நானும் நின்னுடுவேன். ஃபிரெண்ட்ஸ் வூட்லகூட. அடிச்சவங்க போற வரிக்கும் இரும மாட்டேன்."

பேனாவை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். நான் எதையும் அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.